அவர்கள் காசு வேண்டாம் என்று எப்போது சொன்னார்கள்?

இந்தோனேசியாவின் ரோத்தே தீவைப் பற்றி ஒரு தம்பி போட்ட வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். "நீங்க போயிட்டு வர்ற ரோத்தே தீவுதானே? சொர்க்கம் சார்!" என்று. முழுசாகப் பார்த்தேன். பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

"இங்க யாருக்கும் காசே தேவையில்ல, கடல் சோறு போடுது, பனைமரம் சர்க்கரை போடுது" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார் அந்தத் தம்பி. அவருக்குப் பின்னால் இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கிறார். கேமரா அவர் பக்கம் திரும்பவே இல்லை. கீழே வந்து விழுந்த கருத்துகளில் பாதிப்பேர் "ஆசையே இல்லாத மனுஷங்க" என்கிறார்கள். மீதிப்பேர் "சோம்பேறிங்க, அதான் முன்னேறல" என்கிறார்கள்.

அவர்கள் காசு வேண்டாம் என்று எப்போது சொன்னார்கள்? யாரிடம் சொன்னார்கள்?

அந்தப் பெண் செய்துகொண்டிருந்ததே காசுக்கான வேலைதான். கடற்பாசி. நைலான் கயிற்றில் கைப்பிடி அளவு பாசியைத் துண்டு துண்டாகக் கட்டி, காலி தண்ணீர் பாட்டில்களை மிதவையாக மாட்டி, சுமார் நாற்பத்தைந்து நாள் காத்திருந்து, அறுத்துக் கரையேற்றிக் காயவைக்க வேண்டும். ஏழெட்டுக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ தேறும். அதிலிருந்து எடுக்கிற கராஜீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருள் ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் போகிறது. நம் மண்டபம் பக்கத்துப் பெண்கள் வளர்ப்பதும் இதே பாசிதான். வீட்டுச் சமையலுக்காக யாரும் இவ்வளவு பாசி வளர்ப்பதில்லை. விற்பதற்குத்தான் வளர்க்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2009 ஆகஸ்ட் 21 அன்று ஆஸ்திரேலியக் கடல் எல்லைக்குள் மொந்தாரா எண்ணெய்க் கிணறு உடைத்துக்கொண்டது. எழுபது நாளுக்கு மேல் தீமோர் கடலில் கச்சா எண்ணெய் கொட்டிக்கொண்டே இருந்தது. அங்கிருந்து ரோத்தே சுமார் 250 கிலோமீட்டர். பாசியெல்லாம் வெளுத்துக் கயிற்றிலிருந்து உதிர்ந்தது. பாசிக் காசில் பிள்ளைகளைப் பக்கத்துத் தீமோர் தீவின் குப்பாங் நகரத்துக்குப் படிக்க அனுப்பியவர்கள் நடுவிலேயே கூப்பிட்டுக்கொண்டார்கள். கிணற்றை நடத்திய தாய்லாந்து அரசு எண்ணெய் நிறுவனத்தின் ஆஸ்திரேலியக் கிளையோ, எண்ணெய் இந்தோனேசியக் கரைக்கு வரவே இல்லை என்றது. தானியேல் சண்டா என்ற ரோத்தே பாசி விவசாயி, பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சார்பில் 2016-ல் ஆஸ்திரேலியாவில் வழக்குப் போட்டார். எண்ணெய் வந்தது, பாசியைக் கொன்றது என்று 2021 மார்ச்சில் அந்த நாட்டுக் கோர்ட்டே தீர்ப்புச் சொன்னது. 2022 நவம்பரில் 19.25 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம்.

பதின்மூன்று வருஷம் விடாமல் நின்றவர்களைத்தான் சோம்பேறி என்கிறீர்கள். காசு வேண்டாதவர்கள் என்கிறீர்கள்.

"அதான் நஷ்டஈடு கிடைச்சிடுச்சே" என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் கேட்டார். வழக்குக்குப் பணம் போட்டவர்களும் வக்கீல்களும் எடுத்துக்கொண்டது போகத்தான் மிச்சம், நண்பரே. அதுவும் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் பாசி கட்டப் போன பிள்ளை கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பிறகு.

பாசி கொள்முதல் செய்கிற ஒரு கம்பெனிக்குத் தரம் பார்க்கிற வேலையாக அந்தத் தீவுக்குப் போய்வந்தவன் நான். தென்மேற்குக் கரையில் ஒரு வீட்டில்தான் தங்குவேன். அந்தம்மா விடியுமுன்னே கொட்டகையில் உட்கார்ந்து கயிறு கட்டுவார். உப்புத்தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். ஒருநாள் ஏஜெண்ட் வந்து மூட்டைக்குள் கையை விட்டு ஒரு கொத்து எடுத்துக் கசக்கிப் பார்த்து, "ஈரம்" என்றான். எடையில் கழித்தான். எங்கள் கருவியில் நான் பார்த்தபோது ஈரப்பதம் சரியாகவே இருந்தது. சொன்னேன். "நீங்க நாளைக்குப் போயிடுவீங்க" என்றான் என்னிடம். அந்தம்மா ஒன்றும் பேசவில்லை. அவன் சொன்ன விலைக்கே கொடுத்தார். அடுத்த ஏஜெண்ட் எப்போது வருவான் என்று யாருக்குத் தெரியும்? மேற்குக் காற்றுக் காலத்தில் அலை ஏறினால் குப்பாங் படகே நின்றுவிடும். 2022-ல் எகிறிய பாசி விலை மறுவருஷமே பாதிக்கும் கீழே விழுந்தது. பெருமளவு வாங்குவது சீனா. அங்கே வாங்குவதைக் குறைத்தால் இங்கே அடுப்பு எரியாது.

"நகரத்துல இருக்குற நமக்கு இல்லாத நிம்மதி அவங்களுக்கு இருக்கே, அதைச் சொல்லக் கூடாதா?" என்று கேட்பீர்கள். சொல்லுங்கள். அந்த ஊரின் அன்பை நானும் அனுபவித்தவன். ஆனால் நிம்மதி இருக்கிறது என்பதற்காகக் கூலி வேண்டாம் என்று ஆகிவிடாது.

"இந்தோனேசியாவுல ஊருக்கு ஊர் அரசாங்கம் நிதி கொடுக்குதே?" கொடுக்கிறது. 2014 கிராமச் சட்டத்துக்குப் பிறகு நேராகக் கிராமத்துக்கே பணம் வருகிறது. சிமெண்ட் பாதை வந்திருக்கிறது. நல்லதுதான். பாசி விலையை அந்தச் சிமெண்ட் ஏற்றவில்லை.

மீனவர் கதை இன்னும் மோசம். தீவின் கிழக்கே பாப்பேலா என்று ஓர் ஊர். தலைமுறை தலைமுறையாகக் கடல் அட்டைக்குப் போன திட்டுகள் இப்போது ஆஸ்திரேலியாவின் எல்லைக்குள். இரண்டு நாடுகளும் போட்ட 1974 ஒப்பந்தப்படி பழைய முறையில் பாய்மரத்தில் போகலாம், எஞ்சின் கூடாது. அனுமதித்த பகுதியைத் தாண்டினால் படகைப் பறித்து எரித்துவிடுவார்கள். புயல் வந்தால் பாய்மரம் என்ன ஆகும் என்று ராமேஸ்வரத்துக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் அந்தப் பனை. "மரம் சர்க்கரை போடுது" என்கிறார் தம்பி. மரம் எதையும் போடாது. காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவி, பனையோலைப் பட்டையில் பதநீர் இறக்கி, விறகு பொறுக்கிக் காய்ச்ச வேண்டும். எங்கள் தாத்தா உடன்குடிப் பக்கம் பனையேறி. நெஞ்சு முழுக்கக் காய்ப்பு. ஒரு பையனைக்கூட மரத்தைத் தொட விடவில்லை. இன்றைக்கு அவரைப் போன்றவர்களை "இயற்கையோடு வாழ்ந்த மனிதர்கள்" என்று மேடையில் பேசுகிறார்கள். கேட்கிறபோதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். ரோத்தேயில் மரத்திலிருந்து இறங்கிய ஒருவர் நெஞ்சைத் துடைத்தபோது அதே காய்ப்பைப் பார்த்தேன். அவர் மகனும் ஏறக் கூடாது என்றுதான் சொல்கிறார்.

அந்த மகன்கள் எங்கே போகிறார்கள்? நான் தங்கிய வீட்டுப் பையன் படித்து ஒப்பந்த வாத்தியார் ஆனான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சம்பளம், அதுவும் பெட்ரோலுக்குத்தான் காணும். அவன் தங்கைக்கு மலேசியாவில் வீட்டுவேலை என்று ஒருவன் வந்தான். அம்மா கையில் வெற்றிலைபாக்குப் பணம் என்று வைத்தான். அந்த மாகாணம் முழுக்க ஆள்பிடிக்கிற தரகர்கள் நுழைகிற வழி அது. குப்பாங் விமான நிலையத்தில் மலேசியாவுக்கு வேலைக்குப் போனவர்களின் சவப்பெட்டிகள் வந்து இறங்குவது அங்கே பத்திரிகை படிக்கிற எல்லாருக்கும் தெரியும். 2019-ல் மட்டும் நூறுக்கும் மேல். அந்தம்மா பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். எல்லா அம்மாக்களாலும் முடிவதில்லை.

காசு தேவையில்லாத ஊரில்தான் இது நடக்கிறது என்கிறீர்களா?

அந்தத் தம்பிமேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. அடுத்த முறை போனால் தண்ணீரில் நின்ற அந்தப் பெண்ணிடம் ஒரு கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு, பதிலை வெட்டாமல் போடட்டும். நானே அந்த வீடியோவைப் பகிர்கிறேன்.

கருத்து சொல்ல வருகிறவர்கள் வாருங்கள், பேசலாம். "சோம்பேறி" என்று எழுதினால் நீக்கிவிடுவேன்.