வாய் குழறினால் சிரிக்கலாம், அதை வெட்டி ரீல் போட வேண்டுமா?

நேரலையில் பேசுகிறவர் சொல்ல வந்தது ஒன்று, வாயிலிருந்து விழுந்தது வேறொன்று, அந்த வேறொன்றும் கொஞ்சம் 'அப்படி இப்படி' அர்த்தத்தில் போய் நின்றால் எனக்கும் சிரிப்பு வரும். வயிறு வலிக்கச் சிரிப்பேன், இதில் நான் ஒன்றும் உத்தமன் இல்லை. ஆனால் அந்தப் பத்து வினாடியை மட்டும் வெட்டி, மேலே சிவப்பு எழுத்தில் 'ஹெட்போன் போட்டுக் கேளுங்க' என்று எழுதி ஊர் பூராவும் சுற்றவிடும் ஆட்களோடு சேர்ந்து சிரிக்க மனசு வரவில்லை.

சிரிப்புக்கு என்னைக் கேட்டால் 1991 ஆகஸ்ட், லண்டன் ஓவல் மைதானம்தான். வெஸ்ட் இண்டீஸின் ஆம்ப்ரோஸ் போட்ட பந்தில் தடுமாறிய இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் இயான் போத்தம், ஸ்டம்புக்கு மேல் காலைத் தூக்கிப்போட்டுத் தப்பிக்கப் பார்த்து, தொடை உரசி பெயில் விழுந்து அவுட். அன்றைய ஆட்டம் முடிந்ததும் பிபிசி வானொலியில் அதை விவரித்த ஜொனதன் ஆக்னியூ, 'பாவம், காலை அந்தப் பக்கம் போட முடியவில்லை' என்கிற மாதிரி ஒன்றைச் சொன்னார். ஆங்கிலேயர் பேச்சுவழக்கில் அதற்குப் படுக்கையறை அர்த்தம் உண்டு. ஆக்னியூவிடம் கொஞ்சம் குறும்பும் இருந்திருக்கலாம். பக்கத்தில் இருந்த சக வர்ணனையாளர் பிரையன் ஜான்ஸ்டனுக்கு அப்போது 79 வயது. மனுஷர் முதலில் சமாளித்துக்கொண்டு மேலே பேசப் பார்க்கிறார், நிறுத்தப்பா என்று கெஞ்சுகிறார், அப்புறம் குரல் கீச்சென்று மெலிந்து பேச்சே வரவில்லை. யாரும் யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. இங்கிலாந்துக்காரர்கள் இன்றைக்கும் அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்கிறார்கள்.

2010 டிசம்பர் 6-ல் நடந்தது அசல் குழறல். பிபிசி ரேடியோ 4-ன் காலை நிகழ்ச்சியில் தொகுப்பாளர் ஜேம்ஸ் நாட்டி, அப்போதைய கலாசார அமைச்சர் ஜெரமி ஹன்ட்டின் பெயரைச் சொல்கிறார். ஆங்கிலத்தில் 'கல்ச்சர்' என்று பின்னால் வரவேண்டிய 'க' முந்திக்கொண்டு ஓடிவந்து ஹன்ட்டின் தலையில் உட்கார்ந்து பெயரையே கெட்ட வார்த்தையாக்கிவிட்டது. வீட்டில் ஆள் இல்லாதபோது சொல்லிப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து அதே வானொலியில் ஆண்ட்ரூ மார் இந்த விஷயத்தைப் பற்றிப் பேச வந்தார். அவருக்கும் அதே பெயரில் அதே குழறல்!

இதற்கெல்லாம் கீழே கட்டாயம் ஒருத்தர் வந்து 'மனசுல இருக்கிறதுதானே வாயில வரும்' என்று எழுதுவார். மனோதத்துவ மேதை ஃப்ராய்டு 1901-லேயே சொல்லிவிட்டார் என்பார். சரி, 1979-ல் அமெரிக்காவில் மாட்லி, பார்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆண்களைச் சொல் ஜோடிகளை வேகமாகப் படிக்கவைத்து நாக்கைப் புரளவிடுவதுதான் சோதனை. கவர்ச்சியாக உடுத்திய பெண் நடத்தியபோது அந்த மாதிரிச் சொற்கள் அதிகம் தவறி வந்தன. இதைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் ஷாக் அடிக்கப்போகிறது என்று பயமுறுத்தி வைத்த இன்னொரு கூட்டத்துக்கு மின்சாரம் சம்பந்தப்பட்ட சொற்கள் தவறி வந்தனவே, அவர்களுக்கு என்ன ஷாக் வாங்க ஆசையா?

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை பக்கம் மைக் பிடிப்பது மற்ற ஊர் மாதிரி இல்லை. கூட்டத்தில் பாதிப் பேர் தமிழில் கேட்கிறார்கள், மீதிப் பேர் மலையாளத்தில் கேட்கிறார்கள், நீங்கள் சுத்தமாகப் பேசினாலும் ஏதோ ஒரு காதில் அது கோணலாக விழும். தூத்தூர் பக்கம் கடற்கரை ஊர்களில் ஃபுட்பால் என்றால் உயிர். அங்கே ஒரு மேட்சில் வர்ணனைக்கார அண்ணன் மூச்சுவிடாமல், 'உள்ள விட்டாச்சு, உள்ள விட்டாச்சு... ஐயோ, வெளிய எடுத்துட்டானே!' என்று கதறினார். எடுத்தவர் கோலி, அதாவது கோல்கீப்பர்; எடுத்தது பந்து. மைதானமே உருண்டு சிரித்தது, அவரும் மைக்கை மூடிக்கொண்டு சிரித்தார். அடுத்த டூர்னமெண்டுக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

ஒரு லோக்கல் சேனலில் பேசின பெண்ணுக்கு அப்படி நடக்கவில்லை. ஓணத்துக்கு முந்தின வாரம், மார்த்தாண்டம் பக்கம் வாழைக்குலைச் சந்தை, கேரளாவுக்கு லோடு ஏறுகிற நேரம். ஒரு வியாபாரியின் ஏத்தன் வாழைக்குலையைப் பிடித்துக்கொண்டு நேரலையில், 'அண்ணனோட காயப் பாருங்க, என்னா நீளம்! என் கைக்குள்ள அடங்கவே மாட்டேங்குது' என்றது. வியாபாரி பெருமையாக, 'நல்லா வெளஞ்சதாக்கும் மக்ளே' என்றார். அவ்வளவுதான். இதில் நாக்கு புரளவே இல்லை, இலக்கணம்கூடச் சரி. கேட்டவன் காதில்தான் கோளாறு. ரீலை வெட்டினவன் செய்த வேலையைக் கவனியுங்கள்: படத்தைப் பெரிதாக்கி, குலையும் வியாபாரியும் தெரியாதபடி அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் வைத்திருந்தான். வாழைக்காய் தெரிந்தால் ஜோக் செத்துவிடும் என்று அவனுக்கே தெரியும். கீழே வந்த கமெண்ட்டுகளை இங்கே எழுத முடியாது. வளர்ப்பைக் கேட்டார்கள், வீட்டைக் கேட்டார்கள், 'தெரிஞ்சேதான் சொல்றா' என்று எங்கள் ஊர்ப் பெரிய மனுஷர்களே எழுதினார்கள். கோலியைப் பற்றிக் கதறின அண்ணனின் வளர்ப்பை யாரும் கேட்டதில்லை.

ஒரு மணி நேரம் குறிப்பு எதுவும் இல்லாமல், வெயிலில், லாரி ஹாரனுக்கு நடுவில், காதில் ஒருத்தர் 'முடி, முடி' என்று கத்திக்கொண்டிருக்க, அர்த்தம் பிசகாமல் பேசிக் காட்டுங்கள் பார்ப்போம். ஸ்டுடியோவில் எழுதிவைத்துப் படிப்பவர்களுக்கே குழறுகிறது.

அதைவிட எரிச்சல், அந்தச் சேனலே அந்த ரீலை எடுத்துத் தன் பேஜில் போட்டு, சிரிப்புப் பொம்மை ஒட்டி, வியூஸ் எண்ணிக்கொண்டிருப்பது. அந்தப் பெண்ணை இப்போது சந்தைப் பக்கமே காணோம், விளம்பரத்துக்குக் குரல் மட்டும் கொடுக்கிறது. சேனல்காரர்களே, முதலில் அந்த வீடியோவை உங்கள் பேஜிலிருந்து எடுங்கள். புதுசாக மைக் பிடிக்கப் பெண்பிள்ளைகள் வரமாட்டேன் என்கிறார்கள் என்ற உங்கள் புலம்பலை அப்புறம் கேட்கிறேன்.