பலகை மாறினால் பழமை போய்விடுமா?
“பாதி மரத்தை மாற்றிய பிறகு அது எப்படிப் பழைய ரோலர் கோஸ்டர் ஆகும்?” என்று பழைய மர ரோலர் கோஸ்டர்களைப் புதுப்பிப்பது பற்றிய உங்கள் கட்டுரையில் கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் மார்கேட் ஊரின் டிரீம்லேண்ட் கேளிக்கைப் பூங்காவில் இருக்கும் சீனிக் ரயில்வே என்ற மரக் கோஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1920இல் திறந்தது, 2002இல் பாரம்பரியக் கட்டுமானங்களின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. 2008இல் தீப்பிடித்து சுமார் கால்பங்கு எரிந்துபோனது. அதை மறுபடி மரத்தாலேயே கட்டி, புது வண்டிகள் செய்து, 2015இல் ஓடவிட்டார்கள். எனக்கு இது சரியாகவே படுகிறது. மரக் கோஸ்டரை வெயிலும் மழையும் தின்றுகொண்டேதான் இருக்கும். தச்சர்கள் தண்டவாளத்தோடு நடந்து பார்த்து, உளுத்த பலகையைக் கழற்றிப் புதிது வைத்து, தளர்ந்த போல்ட்டை முறுக்குவார்கள். அது கட்டிய நாளிலிருந்தே நடக்கிற வேலை.

என் பயம் வேறு. அந்த வண்டியில் பயணிகளோடு ஒரு பிரேக்மேனும் போவார். வளைவு நெருங்கும்போது வேகத்தை உடம்பால் உணர்ந்து நெம்புகோலை இழுப்பார். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னின் லூனா பார்க் கேளிக்கைப் பூங்காவில் 1912இல் திறந்த கோஸ்டரிலும் இதே முறைதான். நவீனம் என்று சொல்லி அவரை இறக்கிவிட்டுத் தானியங்கி பிரேக் வைத்தால், மரம் அத்தனையும் பழசாக இருந்து என்ன பயன்? சென்சார் வையுங்கள், தீத்தடுப்பு வையுங்கள், இருக்கையில் நல்ல பிடிமானமும் வையுங்கள். அந்த நெம்புகோலை மட்டும் அவர் கையிலேயே விட்டுவிடுங்கள்.