பந்தயம் ஓட்ட ஆசையா? காரை அப்புறம் வாங்கலாம்

கார் பந்தயம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று சொல்லிச் சொல்லியே, ஆசைப்பட்ட பலரைத் தடத்தின் பக்கம் வரவிடாமல் செய்துவிட்டோம். மேல்மட்டப் பந்தயத்துக்குக் கோடிகள் வேண்டும், உண்மை. தொடங்குவதற்கு அவ்வளவு தேவையில்லை என்பதை முதலில் காட்டியவர்களில் ஒருவர் நம் கோவைக்காரர் கரிவரதன்.

1980களின் இறுதியில் அவர் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். பெயர் ஃபார்முலா மாருதி. 796 சிசி, மூன்று சிலிண்டர். உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், கைவைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் இருப்பார். எல்லோருக்கும் ஒரே மாதிரி கார் என்பதால் காசைக் கொட்டி வேகத்தை வாங்க முடியாது. 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியதும் ஃபார்முலா மாருதிதான். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் மறைந்துவிட்டார். கோவை அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் பிடித்த வழியே இன்றும் சரியான வழி என்று நம்புகிறேன். பழைய காரை வாங்கி, இன்ஜினை மாற்றி, சத்தமான சைலன்சர் போட்டு, இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. அடுத்தவர் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். அதில் கரையும் பணத்துக்கு, தரையோடு ஒட்டி ஓடும் கார்ட் என்ற சின்னப் பந்தய வண்டியை வாடகைக்கு எடுத்து மாதக்கணக்கில் பழகலாம். அந்தச் சின்ன வண்டியில் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் கிடையாது. வளைவில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு தவறும் உடம்பில் தெரியும். எங்கே பிரேக்கை விடுவது, எங்கே மிதிப்பது என்பதை அது கற்றுத்தருவதுபோல் வேறு எதுவும் தராது.

சொந்தக் கார் இருந்தால் நேரக் கணக்கு ராலிகளைப் பாருங்கள். சாலை விதிக்குள், குறித்த சராசரி வேகத்தில், குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட ஒரு நண்பர் போதும். அதன் பிறகு ஆட்டோகிராஸ். ஒரு நேரத்தில் ஒரு கார், எதிரி கடிகாரம் மட்டுமே. அதனால் இன்னொரு காருடன் மோதும் பயமும் இல்லை.

அப்புறம்தான் சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை, செட்டிப்பாளையம் ஆகிய பந்தயத் தடங்களில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாள்கள். அப்போதும் முதல் செலவு இன்ஜினுக்கு வேண்டாம். நல்ல ஹெல்மெட், நல்ல டயர், புது பிரேக் ஆயில். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடலாம். தடத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது ஆயில் கொதித்தால் பெடல் தரை வரை போய்விடும், பிரேக் பிடிக்காது. இன்னொன்று, சாதாரண வாகனக் காப்பீடு பந்தயத்தில் நேரும் சேதத்துக்குப் பணம் தராது. இடித்தால் செலவு முழுக்க உங்களுடையது. கடன் வாங்கி வாங்கிய காரைத் தடத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

இதற்கும் வசதி இல்லையென்றால் பந்தயங்களில் மார்ஷலாக, அதாவது தடத்தோரம் நின்று ஓட்டுநர்களுக்குக் கொடி காட்டும் பணியாளராக, பணிபுரியக் கேளுங்கள். ஓட்டுநர்கள் வளைவை எடுக்கும் விதத்தை அவ்வளவு அருகில் நின்று பார்க்க எந்த டிக்கெட்டும் உதவாது. எந்தக் கொடிக்கு என்ன அர்த்தம் என்பதும் அங்கேயே மனதில் பதிந்துவிடும்.