போனவர்கள் கதை போதும், இருந்தவர்களைக் கேளுங்கள்

பூர்வீக ஊரைப் பார்க்கப் போகிறோம் என்று கிளம்பும் அமெரிக்க இத்தாலியக் குடும்பங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அங்கே போயும் தங்கள் கதையைத்தான் பேசுகிறார்கள். நான் வாழ்க்கைப்பட்ட குடும்பத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாமனாரின் பூர்வீகம் தெற்கு இத்தாலியில், ஃபோஜா மாகாணத்து மலையில் இருக்கும் ரொசெட்டோ வால்ஃபோர்தோரே. 1882இல் அங்கிருந்து பத்து ஆண்களும் ஒரு பையனும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பென்சில்வேனியாவின் ஸ்லேட் குவாரிகளில் வேலை கிடைத்தது. பின்னாலேயே அண்ணன், தம்பி, மச்சான் என்று திரண்டு வந்து, அங்கே இன்னொரு ரொசெட்டோவையே கட்டிவிட்டார்கள். 1960களில் டாக்டர் ஸ்டூவர்ட் வுல்ஃப் குழுவினர் வந்து, இங்கே மாரடைப்புச் சாவு ஏன் இவ்வளவு குறைவு என்று ஆராய்ந்து, குடும்ப ஒட்டுறவுதான் காரணம் என்றார்கள். புது ஊருக்கு உலகப் புகழ். பழைய ஊரில் இன்று இருப்பது ஆயிரம் பேர் அளவுதான்.

மாமனாரின் தாத்தா 1912இல் வந்தவர். நியூயார்க் துறைமுகத்தில் வந்திறங்குபவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவில் குமாஸ்தா அவர் பெயரின் வாலை வெட்டிவிட்டான் என்பது எங்கள் வீட்டுப் புராணம். அது நடந்திருக்க வழியில்லை. பெயர்ப் பட்டியல் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதப்பட்டுவிடும்; தீவில் இருந்தவர்கள் அதை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். வெட்டியவர் பெரும்பாலும் தாத்தாவேதான். இதைச் சொன்னதற்கு மாமனார் ஒரு பொழுது முழுக்க என்னோடு பேசவில்லை.

பழைய ரொசெட்டோவுக்குப் போனபோது அடுத்த ஏமாற்றம் அங்கே கல்லறைத் தோட்டத்தில். மாமனாரின் கொள்ளுத்தாத்தா சமாதியில் வைக்க மாமியார் பூங்கொத்து வாங்கி வந்திருந்தார். சமாதி இல்லை. இத்தாலியில் மண்ணில் புதைத்தால் பொதுவாகப் பத்து வருடம்தான். அப்புறம் எலும்பை எடுத்துச் சிறு பெட்டியிலோ பொது அறையிலோ வைத்துவிடுவார்கள். மாமியார் முகம் சுண்டிவிட்டது. எங்களோடு வந்திருந்த உறவுக்கார அம்மா, மாமனாருக்குத் தங்கை முறை, சுவரில் ஒரு மாடத்தின் முன் நின்றார். சின்ன மின்விளக்கு, பீங்கானில் பதித்த ஒரு முகம். கைக்குட்டையை எச்சில் தொட்டு அந்தப் படத்தைத் துடைத்தார். அவருடைய தாத்தா, மாமனாருடைய தாத்தாவின் தம்பி.

எங்கள் வீட்டில் அந்தத் தம்பியைப் பற்றி ஒரே வரிதான்: "அவருக்கு ஊரை விட்டு வர மனசில்லை." நான்தான் கேட்டேன், கொழுந்தன் அரைகுறை இத்தாலியனில் மொழிபெயர்த்தான். மனசில்லாமல் என்ன, பதினெட்டு வயதில் பெட்டி கட்டி வைத்திருந்தாராம். அண்ணன் டிக்கெட்டுக்குப் பணமும் அனுப்பியிருக்கிறார். அது 1924. அந்த வருடம்தான் அமெரிக்கா, இத்தாலியருக்கு வருடத்துக்கு 3,845 பேர் என்று வரம்பு கட்டியது. முதல் உலகப் போருக்கு முன் சில ஆண்டுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேல் வந்தவர்கள் அவர்கள். தம்பி வீட்டோடு நின்றுவிட்டார். பெற்றவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அவர்தான். டிக்கெட் பணத்தில் ஒரு கழுதையும் கொஞ்சம் நிலமும் வாங்கினார்களாம்.

மாமனார் எழுபது வருடமாகக் கேட்டிராத செய்தி இது. இத்தனைக்கும் அன்று பகல் முழுவதும் அந்த அம்மா வீட்டில்தான் சாப்பாடு. அவர் வாயைத் திறக்க யார் விட்டார்கள்? நாத்தனார் தன் பாஸ்போர்ட் புலம்பலை நிறுத்தவே இல்லை. 2025இல் இத்தாலி சட்டத்தை மாற்றிவிட்டது. பெற்றோரோ தாத்தா பாட்டியோ இத்தாலியராக இருந்தால்தான் இனி வம்சாவளிக் குடியுரிமை. நாத்தனாருக்கு இத்தாலியில் பிறந்தவர் கொள்ளுத்தாத்தா. "என் ரத்தத்துக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள்" என்று பொருமல். அவளுடைய ஆதங்கம் முழுக்கப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் 1924இல் சாத்தப்பட்ட கதவுக்கு வெளியே நின்றவருடைய பேத்தி, அவளுக்குப் பாஸ்தா பரிமாறிக்கொண்டிருந்தார்.

அடுத்த கோடையில் ஒரு வாரம் அந்த அம்மா வீட்டுப் பக்கமே தங்கப் போவதாக மாமனார் சொல்கிறார். நானும் வருகிறேன் என்றிருக்கிறேன். நாத்தனார் அந்த வாரம் ரோமையே சுற்றிப் பார்க்கட்டும்.