பேட்டரியைக் கழற்ற விடுங்கள்

அம்மாவின் போனுக்கு மூன்று வருடம்கூட ஆகவில்லை. பேட்டரி வீங்கி, பின்மூடி பிதுங்கி நிற்கிறது. தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து ஹட்டன் டவுனில் போன் திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். சூடு காட்டிப் பசையை இளக்க வேண்டுமாம், ஸ்க்ரீன் உடைந்தால் பொறுப்பில்லையாம். அசல் பேட்டரியும் இல்லை, கொழும்பிலிருந்து வரவேண்டுமாம்.

பழைய பட்டன் போனில் நகத்தால் நெம்பினால் மூடி கையோடு வந்துவிடும். புது பேட்டரியைப் போட்டோம், முடிந்தது வேலை. லித்தியம் பேட்டரி சில நூறு தடவை சார்ஜ் ஏறினாலே தளரும் பொருள். தளரப்போகிற பொருளை எதற்குப் பசை போட்டு ஒட்ட வேண்டும்? புதுப் போன் வாங்க வைக்கத்தான், வேறென்ன?

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் போட்டிருக்கிறது. 2027 பெப்ரவரியிலிருந்து, சில விலக்குகள் போக, பாவிப்பவரே பேட்டரியைக் கழற்ற முடியவேண்டும். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? கொழுந்து பறிக்கிறவளின் காசும் காசுதானே!

வெளிநாட்டில் இருக்கும் அக்காவின் குரல் அந்தப் போனில்தான் வரும். இப்போது அதை அணைத்து வைத்திருக்கிறோம். அக்கா பக்கத்து வீட்டு நம்பருக்கு எடுக்கிறாள்.