கடனை அடைத்தது என் தவறு

என் அண்ணன் குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார். அதனாலேயே அவர் எதற்கும் அடிமையாகியிருக்கக்கூடும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் பல ஆண்டுகள் தோன்றவில்லை. புதன், சனி, ஞாயிறு மாலைகளில் ஃபோர்-டி எனும் சிங்கப்பூரின் நான்கு இலக்க லாட்டரியின் முடிவு வரும்வரை பெரியப்பாவிடம் பேசக் கூடாது என்பது மட்டும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

ஒருமுறை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் துக்கம். சவ வண்டி வந்து நின்றதும், கும்பிட்ட கையை இறக்குவதற்குள் அண்ணனின் கண் அதன் எண் பலகைக்குப் போய்விட்டது. அந்த எண்ணையே ஃபோர்-டியில் வாங்கினார். அவர் வாங்கியது 4718, குலுக்கலில் வந்தது 4719. "பக்கத்துலயே வந்துடுச்சுடா" என்று அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. குலுக்கலுக்குப் பக்கத்து எண் என்று ஒன்று கிடையாது, ஆனால் நூலிழையில் தவறிய தோல்வியை மூளை பாதி வெற்றியாகவே வாங்கிக்கொள்கிறது. எப்போது தீனி விழும் என்று தெரியாத புறாதான் ஓயாமல் கொத்தும், தீனியை நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டிருக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னரின் சோதனைகள் காட்டின. 10,000 எண்களையும் தலா ஒரு வெள்ளிக்கு (டாலருக்கு) 'பிக்' என்ற பந்தய வகையில் வாங்கினால், 23 பரிசுகளும் சேர்ந்து திரும்பி வருவது 6,590 வெள்ளிதான். இந்தக் கணக்கை அண்ணன் என்னைவிட வேகமாகப் போடுவார். அதனால்தான் அறிவுரை எதுவும் அவரிடம் எடுபடவில்லை.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமே 2013இல்தான் சூதாட்ட நோயை மதுவும் போதைப்பொருளும் இருக்கும் பிரிவுக்கு மாற்றியது. நாமோ 'புத்தி கெட்டவன்' என்று இரண்டே சொற்களில் முடித்துவிடுகிறோம்.

குடும்ப மானத்துக்கு அஞ்சி அவருடைய கடனை இரண்டு முறை அடைத்தேன். இப்போது நினைத்தால், அவர் வாழ்நாளில் அடித்த பெரிய பரிசு அதுவாகத்தான் இருக்கும். மூன்றாம் முறை நான் பணம் தரவில்லை. மனநலக் கழகத்தில் இதற்கென்றே உள்ள பிரிவுக்கு அழைத்துப் போனேன். ஆசையோடு மல்லுக்கட்ட வேண்டாம், அது ஏறித் தணியும்வரை பொழுதைக் கடத்துங்கள் என்றார் அங்கிருந்த ஆலோசகர். சம்பளக் கணக்கு அண்ணியின் கைக்குப் போனது. கைப்பேசியிலிருந்த பந்தயக் கணக்கு மூடப்பட்டது. ஆறு மணிக்கு அண்ணனும் நானும் நடக்கப் போகிறோம். (நடை எனக்கும் தேவைதான், என் இடுப்பளவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.)

சூதாட்டக்கூடத்தில் நுழையக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 2019 முதல் ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்டுகிறார்கள்; குடும்பத்தாரே விலக்கு ஆணைக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. அந்த வேலியின் பயன், ஆசை எழுவதற்கும் கை நீளுவதற்கும் நடுவே சற்று நேரத்தை உண்டாக்குவதுதான். புளோக்குக்குக் கீழே உள்ள ஃபோர்-டி கடைக்கு அப்படி நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லை என்பதால், அங்கே வேலி போடும் வேலை வீட்டாரின் தலையில்தான் விழுகிறது.

சென்ற மாதம் மறுபடியும் ஒரு சவ வண்டி கீழே வந்து நின்றது. திரும்பும்போது மின்தூக்கியில், "நம்பரைப் பாத்துட்டேன்" என்றார் அண்ணன். முன்பெல்லாம் இதைச் சொல்ல மாட்டார். "மறந்துடுமா?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கும்" என்றார்.