ரீலோடு கொடுக்கும் முன் அந்தக் கடைசி வரியைப் பாருங்கள்

சிஸ்கோ ரவுட்டரில் ரீலோடு (மறுதொடக்கம்) கொடுக்கும் முன் 'ஷோ வெர்ஷன்' கட்டளையை அடித்து, அதன் கடைசி வரியில் வரும் கான்ஃபிக் ரெஜிஸ்டரை, அதாவது ரவுட்டர் எப்படி எழ வேண்டும் என்று சொல்லும் எண்ணைப் படிக்காதவரிடம் வெளியூர்க் கிளையின் ரவுட்டரை ஒப்படைக்கக் கூடாது. கடுமையாகத் தெரிந்தாலும் இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு கிளையில் கரண்ட் போய் வந்தது, அதோடு மொத்த ஆபீஸும் நின்றது. ராத்திரி பஸ் பிடித்துப் போய் கன்சோல் கேபிளை (ரவுட்டரோடு நேரடியாகப் பேச உதவும் கேபிள்) மாட்டினால், புதுப்பெட்டி போல செட்டப் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கிறது ரவுட்டர். கான்ஃபிக் ரெஜிஸ்டர் 2142. என்றைக்கோ யாரோ பாஸ்வேர்டு ரெகவரி செய்துவிட்டு, அதற்காக மாற்றிய ரெஜிஸ்டரைத் திரும்ப வழக்கமான 2102 ஆக்காமலே கிளம்பியிருக்கிறார். 2142-இல் உள்ள அந்த 4-க்கு அர்த்தம், சேமித்த கான்ஃபிகை (ரவுட்டரின் அமைப்புகளை) கண்டுகொள்ளாதே என்பதுதான். கான்ஃபிக் என்விரேமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில்) பத்திரமாகவே இருந்தது, நல்லவேளை. ஸ்டார்ட்அப்பை (சேமித்த கான்ஃபிகை) ரன்னிங்குக்கு (இப்போது ஓடும் கான்ஃபிகுக்கு) காப்பி செய்து, ஷட்டவுனில் கிடந்த இன்டர்ஃபேஸ்களை (இணைப்பு முனைகளை) ஒவ்வொன்றாக எழுப்பி, ரெஜிஸ்டரை மாற்றி, சேமித்து முடிக்க விடிந்துவிட்டது.

ரெஜிஸ்டரின் கடைசி இலக்கத்தையும் சும்மா நினைக்காதீர்கள். 0 என்றால் ரவுட்டர் முழுதாக எழாமல் ரோம்மான் என்ற அடிப்படை நிலையிலேயே நின்றுவிடும். 2 என்றால் ஸ்டார்ட்அப் கான்ஃபிகில் உள்ள 'பூட் சிஸ்டம்' வரிகளை (எந்த இமேஜில், அதாவது எந்த இயங்குதள ஃபைலில் எழ வேண்டும் என்று சொல்பவை) மேலிருந்து கீழாக முயன்று பார்க்கும், அப்படி ஒரு வரியும் இல்லையென்றால் ஃபிளாஷில் (இமேஜ்கள் இருக்கும் நினைவகத்தில்) முதலில் கிடைக்கும் இமேஜை எடுக்கும்.

புதிய இமேஜ் ஏற்றியும் பழைய வெர்ஷனே வருகிறது என்று ஜூனியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். புதிய இமேஜுக்கு எழுதும் 'பூட் சிஸ்டம்' வரி பட்டியலின் கடைசியில்தான் போய்ச் சேரும், மேலே பழைய இமேஜின் வரி இருக்கும்வரை ரவுட்டர் அதைத்தானே முதலில் எடுக்கும்? 'நோ பூட் சிஸ்டம்' கொடுத்து எல்லாவற்றையும் நீக்குங்கள், புதியதை முதலிலும் பழையதை அதற்கு அடுத்தும் எழுதுங்கள், அப்புறம் மறக்காமல் சேமியுங்கள். புதிய ஃபைல் கிடைக்காமல் போனாலோ கெட்டுப்போயிருந்தாலோ ரவுட்டர் பழையதில் எழுந்து நிற்க அந்த இரண்டாவது வரிதான் வழி. இறக்கிய ஃபைலின் எம்டி5-ஐ (ஃபைல் கெடாமல் வந்ததா என்று காட்டும் குறியீட்டை) ரீலோடுக்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள், சில நிமிட வேலைதான்.

ஃபிளாஷில் இடம் பத்தவில்லை, பழைய இமேஜை அழித்துவிடு என்று மேலிருந்து யாராவது சொன்னால், கன்சோலோடு ஒரு ஆளை அந்தக் கிளையில் உட்கார வைத்துவிட்டுச் சொல்லுங்கள் சார், அழிக்கிறேன் என்று நேராகவே சொல்லிவிடுங்கள்.